மூன்றாம் மாடித் தவணை

கதவைத் தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. உள்ளேயிருந்து ஓர் உறுமல்.

"ஓடிடு! இன்னொரு தடவை வந்தே, வெட்டிப் போட்டுடுவேன்!"

அதற்கு மேல் யார் நிற்பார்? மூன்று மாடியையும் தலைதெறிக்க இறங்கித் தெருமுனைக்கு வந்துதான் அவர் மூச்சே விட்டார். வீடுகளை மாதத் தவணைக்கு விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பாக்கி வசூலிப்பது அவருடைய வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் 'வசூல்'. அந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கிய கறிக்கடைக்காரர் தவணை பாக்கி வைத்திருந்தார்.

"என்ன வசூல், வெறுங்கையோட வந்து நிக்கறே?" என்றார் முதலாளி. "நாளைக்குள்ள பணம் வரலைன்னா வேற வேலை பாத்துக்கோ."

வசூலுக்கு முதலாளியிடம் பயம், கறிக்கடைக்காரரிடம் அதைவிடப் பயம். மறுநாள் தன் சம்பளத்தையே ஒரு கவரில் போட்டு, கறிக்கடைக்காரர் கொடுத்ததாக நீட்டிவிட்டார்.

"அடேங்கப்பா! அந்த மனுஷன்கிட்டயே வாங்கிட்டியா? பலே ஆளுய்யா நீ!"

முதலாளி பாராட்டியதோடு விட்டாரா? குத்துச்சண்டை வாத்தியாரின் பாக்கியையும் இவர் தலையில் கட்டினார். அந்த வாத்தியார் வாசலில் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்த அழகைப் பார்த்து, வசூல் தெருவைக்கூடத் தாண்டவில்லை. அப்படியே திரும்பி நேராக வீட்டுக்கு வந்து, மனைவியின் வளையல்களை எடுத்துப் போய் அடகு வைத்தார். அசட்டு மனுஷன்!

மாதம் பிறந்தால் கறிக்கடைக்காரர் வீட்டுப் படியேறுவார், உறுமல் கேட்கும், இறங்குவார். கவர் மட்டும் தவறாமல் முதலாளி மேஜைக்குப் போகும்.

ஒருநாள் காலை மனைவி கேட்டாள்: "ஏங்க, நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும். என் வளையல் எங்க?"

"பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்."

"இத்தனை மாசமாவா பாலிஷ் போடறான்? சாயங்காலத்துக்குள்ள வளையல் கைக்கு வரணும். இல்லைன்னா அந்தக் கடையைக் காட்டுங்க, நானே போய்க் கேட்டுக்கறேன்."

போச்சுடா! கறிக்கடைக்காரரிடம் பாக்கியை வாங்கினால்தான் வளையலை மீட்க முடியும். மீட்காவிட்டால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார்.

உள்ளே உறுமல் கேட்டது. இன்றைக்கு அது இன்னும் கடூரமாக இருந்தது. ஓடத்தான் நினைத்தார், பாழாய்ப்போன கால் நகர்ந்தால்தானே? முழங்கால்கள் வெடவெடவென்று ஆடி, கதவைத் தாமாகவே தட்டிவிட்டன.

கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் கறிக்கடைக்காரர்.

"அண்ணே, வெட்டறதுன்னா வெட்டுங்க!" வசூல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பாக்கியைக் கொடுத்துட்டு வெட்டுங்க. உங்க தவணையை என் கைக்காசுல கட்டிக்கிட்டு வர்றேன். பொண்டாட்டி வளையல் அடகுக் கடையில இருக்கு. இன்னிக்கு மீட்கலைன்னா நான் செத்தேன்!"

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அந்த மலை போன்ற மனிதர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்," என்றார். குரலே எழும்பவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. "முதல் நாள் நான் பூனையைத்தான் விரட்டினேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள்.

"ஐயய்யோ, அன்னிக்குச் சாயங்காலமே பாக்கியை உங்க முதலாளி கையில கொடுத்துட்டாரே இவரு! மறுநாள் அவரே வந்து, இனிமே தவணையைத் தன் கையிலயே கொடுத்துட்டு, நீங்க வரும்போதெல்லாம் உறுமி விரட்டினா மாசாமாசம் வட்டி தள்ளுபடின்னு சொன்னாரு. இன்னிக்கு இவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதான் நான் உறுமினேன்."