பதினைந்து பொத்தான்கள்

இடது பாக்கெட்டில் எட்டு, வலது பாக்கெட்டில் ஆறு. தபால்காரர் மறுபடியும் தடவிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் பதினாலுதான் வந்தது. காலையில் எண்ணி எடுத்துவந்த பொத்தான்கள் பதினைந்து.

எட்டாம் லேன் நீச்சல்காரன் இந்தப் பக்கம் வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு பொத்தானை இடதிலிருந்து வலதுக்கு மாற்ற வேண்டும். இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்ற எண்ணைப் பலகையில் மாட்டித் தண்ணீருக்குள் காட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், கோடிக்குக் கோடி முப்பது நீளம். இவர் நிற்பது புறப்பட்ட கோடிக்கு எதிரே, அதனால் எண் இருபத்தொன்பது, இருபத்தேழு என்று ரெண்டு ரெண்டாக இறங்கும். தொலைந்த பொத்தான் இடதிலிருந்து விழுந்திருந்தால் அடுத்த எண் பதினேழு. வலதிலிருந்து விழுந்திருந்தால் பதினைந்து.

சர்வதேசப் போட்டி. இவருடைய ஆள் கடைசியில் வந்துகொண்டிருந்தான் என்றாலும் வந்துகொண்டிருந்தான்.

பொத்தான்கள் அக்காவுடையவை. பள்ளிக்கூட நாட்களில் விடிந்தும் விடியாமலும் இவர் நீந்துவார். அக்கா நீச்சல் குளத்துப் படியில் கொட்டாவி விட்டபடி, டப்பாவிலிருந்து மடிக்கு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு எண்ணுவாள். ஒருநாளும் கணக்குப் பிசகியதில்லை. குளோரின் வாசனை வந்தால் இப்போதும் இவருக்கு அக்கா ஞாபகம்தான் வரும்.

பிசகியது முப்பத்தோரு வருடத்துக்கு முன், இதே மாதிரிப் போட்டியில், இதே எட்டாம் லேனில். தண்ணீருக்குள் ‘1’ தெரிந்தது. கடைசி நீளம் என்று உயிரைக் கொடுத்து நீந்தித் தொட்டார். பக்கத்து லேன்காரன் அப்போதுதான் தொட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். அப்படியானால் நமக்கு வெள்ளி என்று இவர் இரண்டு கையையும் தூக்கினார். இன்னும் இரண்டு நீளம் பாக்கியிருந்தது. அரங்கமே சிரித்தது.

அன்று கரையேறியவர் பிறகு குளத்தில் இறங்கவேயில்லை. தபாலாபீசில் ‘இருபத்தெட்டு’ என்ற பட்டப்பேர் மட்டும் நிலைத்தது. தப்பாகக் காட்டிய அந்தப் பலகைக்காரனை அவர் திட்டாத நாளில்லை. இன்னொருவனுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் வருடா வருடம் லீவு போட்டு வந்து பலகை பிடித்தார்.

ஏழாம் லேனில் பலகை பிடித்திருந்தவர் ஒரு கணக்கு டீச்சர்.

"டீச்சர், அடுத்து என்ன நம்பர்?"

"பதினஞ்சு."

கணக்கு டீச்சரே சொன்னபிறகு யோசிப்பானேன்? பதினைந்தைக் காட்டினார். பையன் திரும்பிப் போனான். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"டீச்சர், உங்க ஆள் எங்க ஆளை ஒரு சுத்து முந்திட்டாரோ?"

"முந்தியிருக்கலாம். நான் என் லேனைத்தான் பாக்குறேன். ஊர் லேனையெல்லாம் பாக்குறதில்ல."

எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த தடவையும் பதினைந்தையே காட்டினார். தலைமை நடுவர் விறுவிறுவென்று வந்தார்.

"என்ன சார், ஒரே நம்பரை ரெண்டு தடவை காட்டுறீங்க? குளம் நீண்டுபோச்சா?"

"இல்ல சார், பொத்தான்..."

"என்ன பொத்தான்?"

விளக்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பயத்தில் டீச்சருடைய பலகையைப் பார்த்து, பதிமூன்றைத் தாண்டிப் பதினொன்றை மாட்டினார். அதற்குப் பிறகு டீச்சரோடு சேர்ந்து ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று என்று ஒழுங்காக இறங்கினார். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் ‘1’ காட்டினார்கள். இடது பாக்கெட் காலி. அப்பாடா என்று நிமிர்ந்தவருக்குக் காலில் ஏதோ உறுத்தியது.

இடது ஷூவைக் கழற்றினார். உள்ளே ஒரு பொத்தான்.

காலையில் அக்கா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்த பேண்ட்ல இடது பாக்கெட் தையல் விட்டிருக்குடா. கொண்டா, தச்சுத் தர்றேன்." வந்து பார்த்துக்கலாம்க்கா என்று சொல்லிவிட்டார்.

ஆக, காட்டியிருக்க வேண்டியது ‘3’. இன்னும் ஒரு சுற்று கூடுதலாகப் பாக்கி. பையன் அந்தக் கோடியில் தொட்டதும் நின்றுவிடுவான். கையைத் தூக்குவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

தபால்காரர் ஒற்றை ஷூவோடு குளத்தோரமாக ஓடினார். "தம்பி, நிக்காத! இன்னும் ரெண்டு இருக்கு!" பலகை கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. எதிர்க்கோடியில் ஏழாம் லேன்காரன் தொட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். முப்பத்தோரு வருடம் திரும்பி வந்து எதிரே நின்றது.

எட்டாம் லேன் பையன் வந்தான். குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினான். நிற்கவில்லை.

பாதி தூரத்திலிருந்து தபால்காரர் திரும்பி ஓடினார். காட்டுவதற்குப் பலகை இல்லை. ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒற்றை விரலை நீட்டினார். பையன் திரும்பிப் போய் முப்பதாவது நீளத்தை முடித்தான். கடைசி இடம்தான், ஆனால் முழுசாக முடித்தான். கரையில் கிடந்தபடியே இவர் அழுதுவிட்டார்.

பிறகு துண்டும் கையுமாக வந்தவனிடம் போனார்.

"என்னை மன்னிச்சிடு தம்பி. பலகையில தப்புத்தப்பாக் காட்டிட்டேன்."

"பலகையா? நான் பாக்கவே இல்லையே சார். நானேதான் எண்ணிக்குவேன். எங்கப்பா கண்டிஷனா சொல்லியிருக்கார்."

தபால்காரருக்கு மனசு குளிர்ந்தது. தன்னைப்போல் அடிபட்ட இன்னொரு ஜீவன். "பலகை பிடிக்கிறவன நம்பாதேன்னு சொன்னாராக்கும். அனுபவஸ்தர்."

"ஐயோ, அப்பாவே பலகை பிடிச்சவர்தான் சார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, இதே எட்டாம் லேன்ல. அவர் ‘3’ன்னு சரியாத்தான் காட்டினாராம், நீந்தின புண்ணியவான் ஏழாம் லேன் பலகையைப் பாத்துட்டு, இருபத்தெட்டுலயே நின்னு ரெண்டு கையையும் தூக்கிட்டாராம்."