இரண்டாவது கையெழுத்து

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகள், அவள் மடியில் தூங்கிய எட்டு மாதப் பேத்தி, என் கால்சட்டையின் இடுப்பைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டுத் தையல்காரர். மொத்தம் ஐந்து பேர். விழித்திருந்தவர்கள் நான்கு. நட்டு போல்ட்டுக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். எண்ணாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்.

எண்ணி முடித்ததும் அறிவித்தேன்.

"இன்னையிலேருந்து இந்த வீட்ல யாரும் பணத்தைத் தொட வேண்டாம். மாசம் பொறந்தா வாடகை, கரண்ட் பில் எல்லாம் பேங்கிலேருந்து அதுவாவே போயிடும்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"உட்கார்ந்திருப்பேன்."

"அதைத்தானே இப்பவும் பண்றீங்க?"

தையல்காரர் சிரித்தார். வருடத்துக்கு இரண்டு முறை என் இடுப்பைப் பார்ப்பவர். அவருக்குச் சிரிக்க உரிமை உண்டு.

உண்மைக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். டாக்டர் மூன்று மாத்திரை எழுதினார். தினம் ஆறாயிரம் காலடி நடக்கச் சொன்னார். மாத்திரையை விழுங்கினேன். நடக்கவில்லை. எனக்கு வேறு கவலை. எந்தப் பணம் எந்தத் தேதியில் எங்கே கட்டுவது என்பதெல்லாம் முப்பத்தாறு வருடமாக என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. மின்சார ஆபீஸ் எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான் போய்விட்டால் இருட்டில் அல்லவா உட்கார்ந்திருப்பாள்?

இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆகவே செல்போனிடம் ஒப்படைத்தேன்.

மகள் வரிசையாகப் பதிந்தாள். வாடகை, மின்சாரம், தண்ணீர், கேஸ், பத்திரிகை, இன்சூரன்ஸ். ஆறு.

"முடிஞ்சுதுப்பா. இனி எல்லாம் தானா போயிடும்."

எனக்குத் திக்கென்றது. "தானாவா? யாரும் பார்க்காமலா? எங்க கிடங்குல ஒத்தைக் கையெழுத்துல ஒரு வாஷர்கூட வெளியே போனதில்ல. ரெண்டாவது கையெழுத்து வேணும்மா."

"அதுக்கும் வழி இருக்கு. பணம் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் போனுக்குக் கேள்வி வரும். 'சரி'ன்னு ஒரு பட்டன், 'வேண்டாம்'னு ஒரு பட்டன். யார் நம்பரைப் போடட்டும்?"

முதல் கையெழுத்துப் போட்டவனே இரண்டாவதையும் போட்டால் கிடங்கில் அதற்குப் பெயர் திருட்டு.

"அம்மா நம்பரைப் போடு," என்றேன். மனைவி பக்கம் திரும்பினேன். "கேள்வி வந்தா யோசிக்காம 'சரி'யை அழுத்து. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

"எனக்கு என்னங்க தெரியும்," என்றாள் அவள், பேத்தியின் குல்லாவைச் சரிசெய்தபடி. "நீங்க சொன்னா சரி."

முப்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஒன்றாம் தேதி வாடகை போனது. இரண்டாம் தேதி மின்சாரக் கட்டணம் போனது. என் மனம் குளிர்ந்தது. மூன்றாம் தேதி பத்திரிகைப் பணம் போகவில்லை.

"மெஷின் கோளாறு," என்றேன்.

"பாவங்க, அது என்ன பண்ணும்? புதுசுதானே. கடை தெருமுனையிலதான் இருக்கு. ஒரு எட்டு போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க."

போக வர எண்ணூற்று இருபது அடி. எண்ணுவது என் பழக்கம்.

அடுத்து கேஸ் நின்றது. போக வர இரண்டாயிரத்து நூறு. அடுத்து தண்ணீர். மூவாயிரத்து நானூறு. கட்டிவிட்டு வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தால் மனைவி ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"ஏங்க, சீல் மங்கலா இருக்கே. செல்லுமா?"

மங்கலான சீல்! அன்று எனக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் திரும்ப ஓடுவேன். ஒழுங்காகக் கட்டியானதையும் அவள் விடமாட்டாள். "போயிருக்கும்தான். எதுக்கும் அவங்க பேரேட்டுல ஏறியிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்." எனக்கும் அது நியாயமாகவே படும். இப்படியே தினமும் ஏதோ ஒரு ஆபீஸ் வாசல். அடுத்த மாதமும் அதே மூன்றும் நின்றன. அதற்கடுத்த மாதமும் நின்றன. நோட்டில் தொகைக்குப் பக்கத்திலேயே அடிகளையும் குறித்துவைத்தேன், மெஷின் மீது குற்றப்பத்திரிகையாக.

மூன்றாம் மாதக் கடைசியில் இன்சூரன்ஸும் நின்றது. பொறுமை போய்விட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினேன்.

"பஸ்ஸுல போயிட்டு வரேன்."

"பஸ்ஸுக்குப் பணமா? நீங்க பதிஞ்ச ஆறுல பஸ்னு ஒண்ணு இல்லையேங்க," என்றாள்.

இல்லைதான். நடந்தேன். போக மட்டும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு அடி.

வங்கிப் பெண் என் குற்றப்பத்திரிகையைப் பொறுமையாகக் கேட்டாள். கணினியைப் பார்த்தாள். "மெஷின்ல தப்பே இல்ல ஐயா. மூணு மாசத்துல பதினெட்டு தடவை கேட்டிருக்கு. எட்டு தடவை 'சரி', பத்து தடவை 'வேண்டாம்'னு பதில் வந்திருக்கு."

"யார் சொன்னது?"

நம்பரைப் படித்தாள். கடைசி இலக்கம் வரை கேட்கத் தேவையிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் கம்பிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கம்பிக்குப் பின்னால் மனைவி நின்றாள். எதிர்வீட்டு வாசலில் தையல்காரர், கழுத்தில் இஞ்ச் டேப்புடன்.

"பத்து தடவை 'வேண்டாம்' சொன்னியா?"

"சொன்னேன். தண்ணி ஆபீஸுக்கு எத்தனை தடவை போனீங்க? பார்க்குல நடங்கன்னு சொன்னா ஒரு தடவையாவது போயிருப்பீங்களா?"

யோசித்தேன். போயிருக்க மாட்டேன்.

"அப்புறம் மின்சாரத்தை மட்டும் ஏன் நிறுத்தல?"

"அந்த ஆபீஸ் மேட்டு மேல இருக்கு. எழுபத்தி மூணு படி. உங்க நெஞ்சுக்கு ஆகாது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்த நாலு நாள்ல கடைசித் தேதி வந்துச்சே, யார் போய்க் கட்டினாங்கன்னு நெனச்சீங்க?"

முப்பத்தொரு வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவன். இந்த ஒரு இருப்பை விட்டிருக்கிறேன்.

"நீங்க எதுக்கு இதையெல்லாம் பதிஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வீடு எப்படியும் ஓடும். அதை நான் பார்த்துக்குவேன். நீங்க நடங்க. அது போதும் எனக்கு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கம்பி வழியாகவே கையை நீட்டி என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"அண்ணே," என்று தையல்காரர் குரல் கொடுத்தார், "இடுப்பு ரெண்டு இஞ்ச் எறங்கியிருக்கு. அந்தக் கால்சட்டையைத் திரும்பக் கொடுங்க, பிடிச்சுத் தரேன்."

"கதவைத் திற," என்றேன் மனைவியிடம்.

"இன்னைக்கு மொத்தம் எத்தனை அடி?"

அவளிடம் இனிமேல் எதை மறைப்பது? "ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு."

அவள் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தாள். திறக்கவில்லை.

வாசலிலேயே திரும்பி நடக்க ஆரம்பித்தேன். மீதி பன்னிரண்டு.