நாவலேரி பிர்காவின் ஜனத்தொகை விஷயமாக அத்திம்பேருக்கு

தெற்கு மாட வீதி, மயிலாப்பூர்,
யுவ வருஷம் ஆவணி 11, செவ்வாய்க்கிழமை

ஸ்ரீமான் வக்கீல் பத்ரிநாராயணன் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சுப்பராமன் தியாகராய நகர் இருக்கும் திசையை நோக்கி, முழங்கால் இடம் கொடுத்த மட்டும் குனிந்து, நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜெயலக்ஷ்மியும் சௌக்கியம். அங்கே தாங்களும் விசாலம் அக்காவும் சௌக்கியமென்றும், புது வீட்டுக் கிணற்றில் ஒருவழியாகத் தண்ணீர் ஊறியிருக்குமென்றும் நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. அக்காவுக்குப் படித்துக் காட்டுவதானால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடவும்.

ஜில்லா போர்டுத் தேர்தலில் நாவலேரி பிர்காவுக்கு மனுப் போட்டீர்கள். போட்ட பிறகு சீமைப் புஸ்தகம் ஒன்றைப் படித்தீர்கள். வினை அதில்தான் வந்தது. "சுப்பராமா, நிக்கறவன் தொகுதியைத் தெரிஞ்சுண்டு நிக்கணும்டா. ஜனத்தொகை என்ன, பொருளாதாரம் என்ன, சமூக நிலைமை என்ன, அத்தனையும் விரல் நுனியில இருக்கணும்" என்று சொல்லி, இருபத்தேழு கேள்விகள் அச்சடித்த முந்நூறு பாரங்களை என் மடியில் போட்டீர்கள். பத்திரிகையில் எழுதி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு நாவலேரியில் நானூறு பேரை எண்ணத் தெரியாதா என்று அக்காவும் சிபாரிசு செய்தாள். ஆவணி 14 வெள்ளிக்கிழமைதான் மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள், அதற்குள் விவரம் வந்தால் நிற்பதா விலகுவதா என்று முடிவு செய்யலாம் என்றீர்கள். ஆபீஸில் லீவு போட்டேன். அதற்குக்கூட நான் பொய் சொல்லவில்லை, 'குடும்ப உபாதை' என்று எழுதிக் கொடுத்தேன்.

போன புதன்கிழமை அடையாறு பாலம் வரை பஸ், அதற்கப்பால் லாசர் என்கிற குப்பத்து ஆளின் ஒற்றை மாட்டு வண்டி. கோட்டு, தலைப்பாகை, குடை, கையில் காகிதக் கட்டு, இந்தக் கோலத்தில் நான் இறங்கியதுமே நாவலேரி என்னைத் தீர்வை உயர்த்த வந்த குமாஸ்தா என்று தீர்மானித்துவிட்டது. ஆண்கள் சவுக்குத் தோப்புக்குள் மறைந்தார்கள். மேற்குத் தெருவில் துரைராஜ நாயகர் என்பவர் வீடு. அவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஓட முடியவில்லை, ஆகையால் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். அவர் சம்சாரம் தேவானை வாசலில் நின்று பதில் சொன்னாள். மாடு எத்தனை அம்மா என்றேன்.

"மாடா? எங்களுக்கு ஏது சாமி மாடு? தெருவுல போவும், பார்த்துகீறோம்."

அதே சமயம் வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து 'ம்மா' என்று கம்பீரமாக ஒரு குரல் வந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"எங்க மாமியாருங்க. நாலு நாளா நெஞ்சுல சளி."

நானும் 'மாமியார் ஒன்று, நெஞ்சுச் சளி' என்று எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்வது, அத்திம்பேர்? போய்த் தட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டா எழுத முடியும்? இப்படியே கிழக்குத் தெரு, மேற்குத் தெரு இரண்டையும் முடித்துக் கூட்டிப் பார்த்தால் நாவலேரியில் வீடு நூற்றுப் பன்னிரண்டு, மாடு மூன்று, நிலம் இல்லை, ஆண்கள் அத்தனை பேரும் அறுபதுக்கு மேல், பெண்கள் முக்கால்வாசி விதவை, இருந்தும் தொட்டிலில் முப்பத்தெட்டுக் குழந்தைகள். தாங்கள் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை விதவைகளை வெச்சுண்டு எவன்டா எலெக்ஷன் நடத்துவன்? மறுபடி போடா" என்று விரட்டினீர்கள். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. மாசச் சம்பளம் வாங்குகிற குமாஸ்தாவிடம்கூடத் தாங்கள் அப்படிப் பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை கோட்டைக் கழற்றிவிட்டு அங்கவஸ்திரத்தோடு போனேன். ஊரே வாசலில் நின்று சிரிக்கிறது. மோர் வருகிறது, இளநீர் வருகிறது, கிழக்குத் தெருவில் கோபால் நாயகர் பெஞ்சியைத் துண்டால் துடைத்து உட்காரச் சொல்கிறார். அறுபதைக் கடந்தவர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் நாற்பதுக்கு இறங்கிவிட்டார்கள். படிக்காத பையனே இல்லை. மாடுகள் கொம்பில் வர்ணம் காயாமல் நிற்கின்றன. அதிலும் இடது காது கிழிந்த ஒரு வெள்ளைக் காளையை ஐந்து வீட்டில் பார்த்தேன், ஐந்தாவது வீட்டில் அது என்னைத் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிற்று. தேவானையிடம் மரியாதைக்கு, மாமியாருக்குச் சளி எப்படி இருக்கிறது என்றேன்.

"அது செத்து ஆறு வருசம் ஆவுது சாமி. நீ எழுது. மாடு பன்னண்டு."

"ஒண்ணுதாம்மா கீது" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"வாயை மூடுடீ! அது எம் பொண்ணு கங்கம்மா, சாமி. வயசு பதினஞ்சு."

"போன மாசியில பதினெட்டு முடிஞ்சுது" என்றது குரல். பாரத்தில் எழுதத் தகுந்த உண்மை நாவலேரியில் அந்தக் கதவுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது. நான் தாயார் சொன்னதையே எழுதினேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். தாங்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு வீட்டு விஷயத்தை வாங்கி எட்டு வீட்டில் கொடுக்கிற ஜாதகம் என்னுடையது. தேவானை என்னிடம், "கிழக்குத் தெரு கோபால் நாயகர் வூட்ல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். தொகுதியின் பொருளாதாரத்தில் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போய், பாரத்தைப் பிரித்து வாசித்தேன். நிலம் எட்டுக் காணி, மாடு பத்து, மகன் சுப்பராயன் வயது இருபத்திரண்டு, நாலாம் வகுப்பு, நோய் நொடி இல்லை. "சரி" என்றாள். கோபால் நாயகர் வீட்டில் விட்டுப்போன ஒரு கேள்விக்காகத் திரும்பப் போனேன். அவர் மேற்குத் தெரு பாரத்தை வாசிக்கச் சொன்னார், அதையும் வாசித்தேன். ஏரி மதகு திறக்கிற தகராறில் இந்த இரண்டு தெருவும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியாது. தங்கள் இருபத்தேழு கேள்வியில் அது இல்லையே! இப்படி மூன்று நடை நடந்தேன். மூன்றாவது நடையில் தேவானை என் கையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ வைத்த பித்தளைத் தட்டு ஒன்றைக் கொடுத்தாள். உபசாரம் என்று வாங்கிக்கொண்டேன். கோபால் நாயகர் வாசற்படி உயரம், என் முழங்காலோ ஊரறிந்தது. அவர் சம்சாரத்திடம், "இதைச் சித்தெப் பிடிங்கோ" என்று நீட்டினேன். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய் வேறு தட்டு, வேறு தேங்காயோடு வந்தாள். தட்டு மாறிவிட்டதே, தேவானையின் பாத்திரத்துக்கு ஈடாக இதையாவது கொடுத்துவிடுவோம் என்று நேர்மையாகக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்தேன். என் சொந்த மகள் கல்யாணத்தில் சபையில் உட்கார்ந்து நிச்சய தாம்பூலம் மாற்றியவன் நான்! அந்த நிமிஷம் புத்தி மாடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் வரும்போது லாசர் மட்டும் வழியெல்லாம் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் இரண்டு வண்டி. ஒன்றில் துரைராஜ நாயகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேவானையோடு. மற்றதில் கோபால் நாயகர். முகூர்த்த நாள் கேட்க வந்திருக்கிறார்களாம். எதற்கு முகூர்த்தம் என்று நான் விழிக்க, ஜெயலக்ஷ்மி காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்து, "ஏன்னா, இந்தத் தெருவுல இருக்கற தரகர் போறாதுன்னு நீங்க வேற கிளம்பிட்டேளா?" என்றாள். அப்போதுதான் விஷயம் உடைந்தது. வயசு, நிலம், மாடு, படிப்பு, நோய், வீட்டில் எத்தனை பேர், கல்யாணம் ஆனவர் யார், ஆகாதவர் யார்! இதையெல்லாம் வரி போடுகிறவன் கேட்பானா, கல்யாணத் தரகன்தான் கேட்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இல்லை, இது ஓட்டு விஷயம், எங்கள் அத்திம்பேருக்காக என்று சொன்னேன்.

"ஓட்டா?" என்றாள் தேவானை. "ஓட்டுக்கு எம் பொண்ணு வயசு எதுக்கு அய்யிரே?"

பதில் இருந்தால் தாங்கள் எழுதி அனுப்பலாம்.

"அப்போ அந்தப் பன்னண்டு மாடு?" என்றார் கோபால் நாயகர்.

"உன் எட்டுக் காணி எங்க கீதோ, அங்கதான் மேயுது" என்றார் துரைராஜ நாயகர். பதினோரு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான், என் வீட்டுக் கூடத்தில். அதற்குப் பிறகு பேசியவற்றை எழுதினால் தபால் இலாகா எடுத்துச் செல்லாது. கடைசியில் புதன்கிழமை ஏரிக்கரைக் கோயிலில் ஊர் கூடும், நான் வந்து இரண்டு வீட்டுப் பாரத்தையும் உரக்கப் படிக்கவேண்டும், எழுத்தில் பொய் இருந்தால் வெற்றிலையைத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வண்டி ஏறும்போது தேவானை மட்டும் திரும்பி வந்தாள். சண்டைக்குரல் இல்லை.

"வெத்தலை திரும்பிச்சுன்னா அப்புறம் எம் பொண்ணை எவன் வந்து கேப்பான் சாமி? ரெண்டு தெருவும் அவ பேரைத்தான் வாயில போட்டு மெல்லும். இன்னாவோ, நீ எழுதின எழுத்து. நீயே பார்த்துக்கோ."

நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? என்னிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பாரம் இருக்கிறது. போன புதன்கிழமைப் பாரத்தைப் படித்தால் இரண்டு பேரும் பிச்சைக்காரர்கள். வெள்ளிக்கிழமைப் பாரத்தைப் படித்தால் இரண்டு பேரும் புளுகர்கள். இரண்டிலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மூன்று நாளாக எனக்குச் சாதம் இறங்கவில்லை. அந்தப் பெண் சொன்ன ஒரு மாட்டை, பதினெட்டு வயதை எழுதாமல் விட்டேனே என்று நெஞ்சு அரிக்கிறது. ஆகையால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான் நாளை நாவலேரிக்குப் போகமாட்டேன். இந்த ஜன்மத்தில் அந்த மண்ணை மிதிக்கமாட்டேன். வக்கீல் தாங்கள், தொகுதி தங்களுடையது, தாங்களே போய் வாதாடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் இன்றே வாபஸ் வாங்கிவிடுங்கள். ஜனத்தொகை, பொருளாதாரம், சமூக நிலைமை மூன்றும் சேர்ந்து நாவலேரியில் தங்களுக்கு ஒரு ஓட்டுக்கூட விழாது. விழுந்தால் என் காதை அறுத்து அந்த வெள்ளைக் காளைக்கு ஜோடியாக்கலாம். மிச்சமுள்ள பாரங்களை அக்கா அடுப்புப் பற்றவைக்க அனுப்பி வைக்கிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக, பரீட்சையில் தேறி, பொதுக் காரியம் எதிலும் தலையிடாமல் க்ஷேமமாக இருக்கவேண்டுமென்று ஆசீர்வாதம். பாரம் அச்சடித்த அச்சாபீஸ்காரனுக்கு என் சாபம்.

இப்படிக்கு,
இனிமேல் வீட்டை விட்டு நகராத
சுப்பராமன்

பின்குறிப்பு, புதன் சாயங்காலம்: ஸ்டாம்பு இல்லாமல் இந்தக் கடிதம் நேற்று போகவில்லை. நான் போய்விட்டேன். காலையில் ஜெயலக்ஷ்மி குடையைக் கையில் கொடுத்து, "ஒரு பொண்ணோட விஷயம்னா. போய்ட்டு வாங்கோ" என்றாள். கோயிலில் ஊரே கூடியிருந்தது. நாலு பாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு எதைப் பிரிப்பது என்று நான் மாற்றி மாற்றிப் புரட்டுகிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து கங்கம்மா எழுந்தாள். "படிக்க வேணாம் சாமி. எங்க வூட்ல மாடு ஒண்ணு. அவுங்க வூட்லயும் ஒண்ணு. ஒத்தை மாட்டை வெச்சுகினு எவனாலயும் ஏர் ஓட்ட முடியாது. நைனாவுக்கு இடுப்பு வலி வந்ததிலேர்ந்து ரெண்டு வருசமா எங்க மாட்டையும் அவுங்க மாட்டையும் ஒண்ணா பூட்டித்தான் ரெண்டு வூட்டு நெலமும் உழுதுகினு கீறோம். உழறது யாருன்னு அவரையே கேளுங்க" என்றாள். சுப்பராயன் எழுந்து நின்று தரையைப் பார்த்தான். தகப்பனார்கள் இருவரும் இதுவரை லாசரின் வண்டி மாடுதான் ஜோடி என்று நினைத்திருந்தார்களாம். லாசர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு வருசமா பொய் சொல்லி அலுத்துப்பூட்ச்சு சாமி. உன்னைத் தரகருன்னு ஊர்ல சொல்லச் சொன்னதும் இந்தப் பொண்ணுதான்" என்றான். ஊருக்கெல்லாம் இந்த ஏர் விஷயம் தெரியும். தெரியாதவர்கள் அந்த இரண்டு தகப்பனார்களும் நானும்தான். முதலில் சிரித்தவர் துரைராஜ நாயகர். சிரித்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, தாங்கிப் பிடித்தவர் கோபால் நாயகர். வெற்றிலை நிலைத்துவிட்டது, இந்த ஆவணியிலேயே கல்யாணம். பெரியவனாக நான் முன்னால் நிற்கவேண்டுமாம், ஒப்புக்கொண்டேன். "உங்க அத்திம்பேரு யாருன்னு தெரியாது, நீ சொன்னா ரெண்டு தெருவும் போடறோம்" என்று கோபால் நாயகர் எல்லோர் முன்னாலும் சொன்னார், ஆகையால் தயவுசெய்து வாபஸ் வாங்க வேண்டாம். ஆபீஸுக்கு இன்னும் எட்டு நாள் லீவு எழுதிவிட்டேன். கிழக்குத் தெருவில் மூன்று வீடும் குப்பத்தில் லாசரின் தங்கை ஆரோக்கியமேரி வீடும் எனக்காகக் காத்திருக்கின்றன. பாரம் போதாது, இன்னும் இருநூறு அச்சடிக்கச் சொல்லவும். ஓட்டு யாருக்கு என்கிற கடைசிக் கேள்வி, நான் வாய் கூசி ஒரு வீட்டிலும் கேட்காமல் விட்டது, அது மட்டும் வேண்டாம். அந்த இடத்தில் நட்சத்திரம் என்று போடச் சொல்லுங்கள்.