நீலம் பூத்த முதுகும் வேறென்ன அண்ணாச்சியும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். குற்றாலத்தில் சாரல். முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே ஆள் இல்லை. ஒரு கிளிப் அட்டையும் அதில் செருகிய விண்ணப்பப் படிவமும்தான் இருந்தன. குடையைப் பிடித்திருந்தவர் அதற்கு வெளியே முழுக்க நனைந்துகொண்டு நின்றார்.

அவர்தான் வேறென்ன அண்ணாச்சி. தென்காசியில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டர்களுக்குப் பாதி தெரியும். மருந்துக்கடைக்காரர்களுக்கு முக்கால் தெரியும். முழுதும் தெரிந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தொழில், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அதிலும் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோருக்குப் பயண இன்சூரன்ஸ் எடுத்துத் தருவது. அந்தப் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற ஏஜெண்டுகள் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அண்ணாச்சி அந்தக் கட்டத்திலேயே குடியிருப்பார். "இல்லன்னு எழுத நான் எதுக்கு? பேனா போதும்லா" என்பார். யார் எந்த நோயைச் சொன்னாலும் எழுதி முடித்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், "வேற என்ன?" என்று கேட்பார். சொந்தப் பெயரை ஊர் மறந்து பல வருஷம் ஆகிறது.

எங்கள் ஊர்க்காரர்களிடம் நோயைக் கேட்டு வாங்குவது சாதாரண வேலை அல்ல. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அப்பாவுக்கு ஆஸ்துமா இருக்காது. பையன் இருந்தால் அம்மாவுக்கு மூட்டு வலிக்காது. மாத்திரையில் அடங்கிய நோய் நோயே அல்ல என்பது பொதுவான கொள்கை. ஒரு முறை நானே பக்கத்தில் இருந்து கேட்டது இது.

"சுகர் இருக்கா?"

"கெடையாது."

"மாத்திரை?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுதேன். அதான் கெடையாதுங்கேன்."

"சரி. வேற என்ன?"

வீரகேரளம்புதூரில் ஒரு நிலக்காரர், தனக்குப் பிரஷர் உண்டு, ஆனால் குற்றால அருவியில் தினமும் குளிப்பதால் சீசன் இரண்டு மாதமும் கிடையாது என்றார். அண்ணாச்சி அதை அப்படியே எழுதி அனுப்பினார். சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போனில் வந்தார்.

"சார், பிரஷர் ரெண்டு மாசம் லீவு எடுக்குமா?"

"எங்க ஊர்ல எடுக்குமாம் மேடம். எனக்கும் நம்பிக்க இல்ல. ஆனா அவரு சொன்னத நான் மறைக்க முடியாதுல்லா."

கட்டம் போதாமல் அவர் தனியாக வெள்ளைத் தாள் இணைப்பார். ஒரு அம்மாளின் படிவத்தோடு நான்கு பக்கம் போனது. மூன்றாம் பக்கத்தில், நாத்தனார் வந்தால் தலைவலி வருகிறது, போனால் போய்விடுகிறது என்று இருந்தது. சந்தேகம் கேட்ட அலுவலகத்துக்கு அண்ணாச்சி தந்த விளக்கம், "நாத்தனார் இந்தியாவுலதான் இருக்காவ. பயணத்துல ஆபத்து இல்ல."

வீட்டில் வைத்துக் கேட்டால் பாதி உண்மைதான் வரும் என்று அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் ஒரு வழி வைத்திருந்தார். பெண்களிடம் கணவரின் நோயைக் கேட்பார். கணவரிடம் மனைவியின் நோயைக் கேட்பார். இரண்டும் குறையில்லாமல் கிடைக்கும். கணவரும் மறைத்து, மனைவிக்கும் தெரியாத நோய் என்று ஒன்று இருந்தால் அதற்குத்தான் குற்றாலம்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற முத்தையாவும் அண்ணாச்சியும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். சந்தேகத்துக்குரிய ஆளை அண்ணாச்சி அதிகாலையில் கூட்டிவருவார். முத்தையா கல்லில் குப்புறப் படுக்கவைத்துத் தேய்ப்பார். கையில் தட்டுப்படுவதையெல்லாம் உரக்கச் சொல்வார். "வலது முட்டியில சத்தம். இடுப்புல பழைய தையல். தோள்பட்ட இறங்கியிருக்கு." குடைக்கடியில் அண்ணாச்சியின் பேனா ஓடும். முதுகில் இரண்டு கட்டை விரல் அழுந்தும்போது பொய் சொல்ல யாராலும் முடியாது என்பது அவர் சித்தாந்தம். நான் பார்த்தவரை அது தோற்றதில்லை.

அன்று காலை கல்லில் படுத்திருந்தவர் என் அத்தான். அக்காவின் கணவர். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறாள். முதல் பிரசவம். பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம். இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏறக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் அப்பா அங்கே வந்த இடத்தில் விழுந்து, அந்தக் குடும்பம் பட்ட பாட்டை அவள் நேரில் பார்த்திருந்தாள். அத்தானைத் தனியாக விட்டுவிட்டு அக்கா போகமாட்டார். அத்தானுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காவிட்டால் மகள் பக்கத்தில் அம்மா இருக்கமாட்டார்.

அத்தான் சொன்ன நோய்ப் பட்டியலில் சுகர் மட்டும் இருந்தது. அதுவும் 'லேசாக'. அண்ணாச்சி அவரைத் தலை முதல் கால்வரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எஸ்.ஐ. சார், நாளைக்கு ஒரு குளியல் போடுவமா?" என்றார்.

பத்து நிமிஷம் தேய்த்திருப்பார். முத்தையா கையை எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. நான் அமுக்குன எடமெல்லாம் நீலம் பூக்கு."

குனிந்து பார்த்தோம். அத்தானின் முதுகில் முத்தையாவின் விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"சார், ரத்தம் உறையாம இருக்க மாத்திர எதுவும் சாப்பிடுதியளா?" என்றார் முத்தையா. "அது சாப்பிடுதவுகளுக்குத்தான் இப்படி ஆவும். மொதல்லயே சொல்லப்பிடாதா? நான் இந்த அமுக்கு அமுக்கியிருக்க மாட்டம்லா."

அத்தான் கல்லைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஃபிளாஸ்க்கும் கையுமாகச் சற்றுத் தள்ளி நின்ற அக்கா கிட்டே வந்தார்.

"ஏங்க, என்ன மாத்திர?"

"முடி கொட்டாம இருக்கதுக்குப் போடுவம்லா, அது" என்றார் அத்தான்.

அத்தானின் தலையில் முடி கிடையாது. ஆறு வருஷமாக அக்கா அந்த மாத்திரைதான் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "வேற என்ன?" என்றார். அத்தனை மெதுவாக அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

அத்தான் எழுந்து உட்கார்ந்து சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்பு, புளியறை சோதனைச் சாவடியில் பணி. லாரி ஒன்றை மறித்து நிற்கும்போது நெஞ்சைப் பிடித்தது. மறித்த லாரியிலேயே ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தக் குழாயில் ஸ்டெண்ட் வைத்தார்கள். நான்கு நாள் இருந்தார். வீட்டுக்குச் சொன்னது, சபரிமலை பந்தோபஸ்து.

"உனக்கு அப்பந்தான் கர்ப்பப்ப ஆபரேஷன் முடிஞ்சிருந்துது. பயந்துருவேன்னு சொல்லல."

அக்கா கேட்ட முதல் கேள்வி ஸ்டெண்ட்டைப் பற்றி அல்ல.

"அப்போ நீங்க கொண்டாந்த அரவணப் பாயசம்?"

"லாரி டிரைவர்ட்ட வாங்கினேன்."

"தெரு பூரா பிரசாதம்னு குடுத்தனே! நீங்க மலைக்கே போவலயா?"

"டிரைவர் போயிட்டு வந்தான்லா. பிரசாதம் நெசந்தான்ட்டீ."

முத்தையா அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. வருஷம், மாதம், ஆஸ்பத்திரி, மாத்திரையின் பெயர் எல்லாம் கேட்டு எழுதி முடித்தார். அப்போதுதான் குடை தனக்கும் பயன்படும் என்பது நினைவுக்கு வந்ததுபோல அதற்குள் வந்து நின்றார்.

ஐந்தாம் நாள், முதலில் விண்ணப்பித்த இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தது. மறுவாரம் இரண்டாவது மறுத்தது. அக்கா அண்ணாச்சியை வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"நீங்க நல்லா இருப்பியளா அண்ணாச்சி? அடுத்த வீட்டுல அஞ்சு நிமிஷத்துல போன்லயே எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுட்டு அமெரிக்கா போயிட்டு வந்துட்டாவ. நீங்க கிண்டிக் கெளறி என் பிள்ளய அங்கன ஒத்தையில கெடக்க வச்சிட்டிய."

"தங்கச்சி, அவுக நல்லபடியா போயிட்டு வந்தாவ, சந்தோசம். அங்கன போயி சாருக்கு நெஞ்சப் பிடிச்சா கம்பெனிக்காரன் மொதல்ல பழைய ஆஸ்பத்திரி சீட்டத்தான் தேடுவான். அத நாமளே இங்கன வச்சுத் தேடிருவமே."

"ஒண்ணும் தேட வேண்டாம். இனி உங்க மூஞ்சியிலேயே நான் முழிக்க மாட்டேன்."

அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். நேரே பேருந்து நிலையம் போய், கேரளா பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

பழைய சீட்டு வீட்டில் இல்லை. அக்கா கண்ணில் படக்கூடாது என்று அத்தான் அதைப் புளியறையிலேயே கிழித்துப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆவணம் தருகிற பிரிவில், நோயாளி நேரில் வரவேண்டும் அல்லது கடிதம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி திரும்பி வந்து கடிதம் வாங்கிக்கொண்டு மறுநாளும் போனார். மலையாளம் தெரியாது. நோயின் பெயர்கள் மட்டும் எல்லா மொழியிலும் தெரியும். மாலையில் அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் டிஸ்சார்ஜ் சீட்டும், ஸ்டெண்ட் வைத்த குறிப்பும் இருந்தன. இரண்டிலும் அவர் போட்டு வாங்கிய ரப்பர் ஸ்டாம்ப் முத்திரைகளை எண்ணினேன். ஏழு.

அடுத்து அத்தானை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கிற சோதனை. தென்காசி டாக்டர் ஒருவரிடம். அத்தான் பயந்துபோயிருந்தார். ஓய்வுக்குப் பிறகு அவர் ஓடியதில்லை. பணியில் இருந்தபோதும் பெரிதாக ஓடியதில்லை.

"என்னய ஒரு குத்தவாளி கணக்கா அண்ணாச்சி வெரட்டுதாரு" என்றார் என்னிடம்.

அண்ணாச்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, இவர் ஓடி முடிக்கும்வரை தானும் நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் நன்றாக வந்தது. டாக்டர், ஆறு வருஷமாக இதயம் ஒழுங்காக இருக்கிறது, பயணம் செய்யலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரைகளின் பெயரைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணாச்சி ஏற்கெனவே மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார்.

மூன்றாவது கம்பெனி இரண்டு முறை போன் செய்து கேட்டது. அண்ணாச்சி இரண்டு முறையும் எழுந்து நின்று பதில் சொன்னார். பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாலிசி வந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் அத்தானின் இதயத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை உண்டு. சும்மா செக்கப்புக்குப் போனால் கிடையாது. இந்த இரண்டு வரியையும் அண்ணாச்சி அத்தானைச் சத்தமாக மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை அத்தான் சட்டைப் பையில் ஒன்று, அக்கா கைப்பையில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று என்று எழுதி வைத்தார். அக்கா அப்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல் காபி கொண்டுவந்து வைத்தார். காபியில் சர்க்கரை போடவில்லை. அண்ணாச்சிக்கு சுகர் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்; அக்கா எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அண்ணாச்சி அதை யாரிடமும் சொன்னதில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அத்தான் அங்கே தினமும் காலையில் நடக்கிறார் என்று மகள் சொன்னாள். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறாராம். அவர்களும் திருப்பி அடிக்கிறார்களாம். நெஞ்சு ஒரு நாளும் தொந்தரவு செய்யவில்லை. மாத்திரை டப்பா இப்போது சாப்பாட்டு மேசை மேலேயே இருக்கிறது. நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது அக்கா.

ஒரு வியாழக்கிழமை காலை குழந்தை பிறந்தது. பெண். மூன்று கிலோ நூறு கிராம். அக்கா பிரசவ அறைக்குள்ளேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் போனில் படம் வந்தது. துணியில் சுற்றிய குழந்தை, அக்கா மடியில். பின்னால் அத்தான், விறைப்பாக.

அண்ணாச்சிக்குக் காட்டலாம் என்று அவருடைய ஆபீசுக்குப் போனேன். அவர் தன் போனை என் பக்கம் நீட்டினார். அதே படம். எனக்கு அக்கா அதை அனுப்பியிருந்தது எட்டு ஐம்பதுக்கு. அண்ணாச்சிக்கு எட்டு நாற்பத்தாறுக்கு.