நெட்டை அடைத்த ஆமென்

ஏணியை மதிலில் சாத்திவிட்டுக் கேளு தம்பி. இதில் ஒரு சொல் பொய்யென்றால், இனி நான் குடிக்கும் ஒவ்வொரு கட்டன் சாயாவிலும் ஈ விழட்டும்.

கருங்கல் டவுனுக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரை மொபைல் சிக்னல் எட்டிப் பார்க்காது. சர்ச் சபை ஆபீசில் ஒரே ஒரு நெட் இணைப்பு. ஊர் வீடுகள் அத்தனைக்கும் அதிலிருந்துதான் பங்கு. கருப்பட்டிப் பாகு மாதிரி இழுத்து இழுத்து வரும். யார் எப்போது மெயில் அனுப்பலாம் என்று முறை வைத்துக் கொடுப்பவர் சபைச் செயலர் ஜாஸ்பர்.

அன்று நர்சிங் முடித்த ரெஜிலா ஓடி வந்தாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணிக்குள் அவளுடைய சான்றிதழ்கள் மெயிலில் போய்ச் சேர்ந்தால் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

"மாமா, பாதியில நின்னுட்டு. அனங்க மாட்டேங்குது."

"எவனாவது கல்யாண போட்டோ அனுப்பிட்டு இருப்பான் மக்ளே. நான் நிறுத்துதேன்."

ஜாஸ்பர் எல்லா வீட்டுக்கும் ஒரு மெயில் போட்டார். 'ரெஜிலாவின் சான்றிதழ் போகும்வரை யாரும் நெட்டைத் தொட வேண்டாம். அவளுக்காக ஜெபியுங்கள்.' மேலே, அழகுக்கு, சர்ச் கோபுரத்தின் பெரிய படம்.

ஜெபிக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எல்லாருக்குமாக 'ஆமென்' என்று பதில் கிளம்பியது. ஒவ்வொரு ஆமெனோடும் கோபுரமும் கிளம்பியது.

"மாமா, போன பாதியும் திரும்பி வருது!"

"பதறாத ஏட்டி."

'இனி யாரும் பதில் அனுப்ப வேண்டாம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்று இன்னொரு மெயில் போட்டார். ஆசீர்வாதத்துக்கு ஆமென் சொல்லாமல் விட முடியுமா? மறுபடியும் வந்தது, கோபுரத்தோடு.

ஜாஸ்பர் சர்ச்சில் மணியடிக்கும் ஜான்ரோஸைக் கூப்பிட்டார். "ஓய், மணியடியும். எல்லாரும் வரட்டும், நேர்லயே சொல்லுதேன்."

"எந்த மணி?"

"எதையாவது அடியும் வே!"

ஜான்ரோஸுக்குக் கை பழகியது சாவு மணி. விட்டு விட்டு அடித்தார். ஒருத்தரும் வரவில்லை. எல்லாரும் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு 'ஊரில் யாரோ போயாச்சு' என்று மெயில் தட்டினார்கள். செத்தது யாரென்றே தெரியாமல், மலர்வளையப் படத்தோடு அனுதாபங்கள் வந்து கொட்டின.

மணி ஐந்தானது.

"செத்தது என் வேலைதான் மாமா," என்றாள் ரெஜிலா. கண் நிறைந்துவிட்டது.

அப்போது அயர்லாந்திலிருந்து ஒரு மெயில் இறங்கியது. ஜெபிக்கச் சொன்ன மெயிலில், பதற்றத்தில் ஜாஸ்பர் ஆஸ்பத்திரி விலாசத்தையும் ஊர் விலாசங்களோடு சேர்த்துவிட்டிருந்தார். ரெஜிலா வாசித்தாள்:

'உங்கள் சான்றிதழ் வரவில்லை. ஆமென் வந்துகொண்டே இருக்கிறது. ஓர் ஊரே சிபாரிசு செய்யும் நர்சை நாங்கள் கண்டதில்லை. வேலை உங்களுக்குத்தான், சான்றிதழைத் தபாலில் அனுப்பவும். ஆமெனைத் தயவுசெய்து நிறுத்தவும். எங்கள் நெட்டும் படுத்துவிட்டது.'

ஜாஸ்பர் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா மக்ளே, நான் எப்பிடி மேனேஜ் பண்ணினேன்னு!"

ரெஜிலா இப்போது அயர்லாந்தில் சுகமாக இருக்கிறாள். சந்தேகம் இருந்தால் ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாரு தம்பி.

ஏணிக்காரன் தோளில் கிடந்த கேபிள் சுருளை இறக்கி வைத்தான். "கேக்கலாம் பாட்டா. உங்க ஊருக்கு முதல் நெட் லைன் இழுக்கத்தான் இப்ப வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."