சேரன்மகாதேவிக் கோடு

“ஏம்மா சங்கரி, எங்க ஊர்க் கோடு மட்டும் எதுக்கு இம்புட்டு உசரத்துல போகுது?”

பொருளியல் பேராசிரியர் ஞானசம்பந்தனுக்கு மீசை துடித்தது. கல்லூரி நதிநலக் குழுவின் தலைவர் அவர். திரையில் ஆழ்வார்குறிச்சி, சேரன்மகாதேவி, ஆழ்வார்திருநகரி என்று மூன்று கோடுகள். படித்துறைத் தண்ணீரைச் சோதித்து, புரோகிராம் எழுதி வரைந்தவள் கணினித்துறை மாணவி சங்கரி. இடது ஓரத்தில் அவள் நெட்டுக்குத்தலாக எழுதியிருந்த எதையோ காலையிலேயே தூக்கச் சொல்லி, அங்கே தன் பெயரையும் பட்டங்களையும் ஏற்றியிருந்தார்.

நாளை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தூய்மையான படித்துறைக்குக் கேடயம். அது சேரன்மகாதேவிக்குத்தான் என்று சொந்த ஊரில் மாலையே வாங்கிவிட்டார் மனுஷன்.

“சார், அது வந்து...”

“நீ பேசாத. நான் குளிச்ச துறையில இம்புட்டு அழுக்கா? மொதல்ல அந்தச் செவப்ப மாத்து.”

மஞ்சளாக்கினாள். கோடு தேர் வடம் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. புள்ளிக்கோடாக்கினாள். மினுக்கியது.

“மத்த ரெண்டுக்கும் அடியில தள்ளு.”

“அடியிலதான் சார் கெடக்கு. மறைக்கதுக்கு மத்தது அந்த உசரத்துக்கு வரணும்லா?”

“அப்ப அந்தப் பெட்டிய அதுமேல வை.”

எந்த நிறம் எந்த ஊர் என்று சொல்லும் லெஜெண்ட் பெட்டி அது. கோட்டின் வால் வெளியே நீட்டியது. பெட்டியைப் பெருக்க, குழுவினர் பெயர், தாளாளர் பெயர், தாளாளரின் சம்பந்தி பெயர் எல்லாம் சேர்ந்தன. கல்யாணப் பத்திரிகை தோற்றது. சேரன்மகாதேவி காணாமல் போனது.

இப்போது உச்சியில் ஆழ்வார்திருநகரி.

“வைத்தி மூஞ்சிய நாளைக்குப் பாக்கணும்” என்றார் ஞானசம்பந்தன். வைத்தி, ஆழ்வார்திருநகரிக்காரர், இயற்பியல் பேராசிரியர், பரம எதிரி.

மறுநாள் நடுவர் வேதநாயகம் படத்தை உற்றுப் பார்த்தார். தண்ணீரில் எதை அளந்து வரைய வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்கியவரே அவர்தான். பிறகு கேடயத்தை எடுத்து வைத்தியின் கையில் கொடுத்தார்.

ஞானசம்பந்தன் மேடையில் ஏறிவிட்டார். “இது என்னய்யா அநியாயம்? அழுக்குல மொத எடத்துல நிக்குத ஊருக்குக் கேடயமா? சங்கரி, நீயே சொல்லும்மா.”

சங்கரி பைய எழுந்தாள்.

“அது தண்ணியில கரைஞ்சிருக்க ஆக்சிஜன் சார். கோடு உசர உசரத் தண்ணி சுத்தம். அதத்தான் ஓரத்துல எழுதியிருந்தேன். இப்ப அங்கன உங்க பேரு இருக்கு.”