மூன்றா, எட்டா

"கண்ணாடியை எடுத்துட்டீங்கதானே?" என்று மனைவி போனில் மறுபடியும் கேட்டாள்.

"சட்டைப்பையில பத்திரமா இருக்கு. ஃப்ரிட்ஜ் மேல என் கண்ணாடி பக்கத்துலயே வெச்சிட்டுப் போயிட்ட. ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன், எங்க வரணும் சொல்லு."

"மூணாவது பிளாட்பாரத்துப் பக்கத்துல படி. ஏறினதும் முதல் கதவு. சீக்கிரம் வாங்க, எனக்குத் திரையில ஒண்ணும் தெரியல."

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் அவள். மைக் என்றால் உயிர். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதே குரலில்தான், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" மட்டும் இருக்காது.

அவள் கணவர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், அலட்டிக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், யாரிடமாவது வழி கேட்பாரா? காலையில் பஸ் மாறி ஏறியதைக்கூட டிரைவரின் தப்பு என்றே தீர்மானித்திருந்தார்.

தொங்கிய பலகையை அண்ணாந்து பார்த்தார், விறுவிறுவென்று நடந்தார், படியேறி முதல் கதவைத் திறந்தார். பெண்கள் ஓய்வறை. தலை வாரிக்கொண்டிருந்த அம்மாள் சீப்பை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"மூணாவது பிளாட்பாரம்னு போட்டிருந்துச்சும்மா."

"எட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. போய்யா."

"எழுதுறவன் ஒழுங்கா எழுதினாத்தானே" என்று முணுமுணுத்தபடி இறங்கி, மேம்பாலத்தில் மூன்றை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் ஒலிபெருக்கியில் மனைவியின் குரல் கேட்டது. மூன்றுக்கு வரவேண்டிய விரைவு வண்டி எட்டுக்கு வருகிறதாம். மூன்றில் நின்ற அத்தனை பேரும் பெட்டி படுக்கையோடு பாய்ந்து வந்து அவரை எட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"மூணும் எட்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுதுங்க" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னாள். "அதிகாரி வந்து பக்கத்துலயே உக்காந்துட்டார். அடுத்த வண்டியும் தப்பாச்சுன்னா மைக்கைப் பிடுங்கிட்டு என்னைப் பார்சல் ஆபீசுக்கு அனுப்பிடுவாராம்."

"இதோ வந்துட்டேன், பயப்படாத."

அதற்குள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. கூட்டம் திட்டிக்கொண்டே மூன்றுக்குத் திரும்பியது. மாஸ்டரையும் அள்ளிக்கொண்டு போய், மூன்றைத் தாண்டி, பின்வாசல் வழியாகத் தெருவில் தள்ளியது. ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"எங்க சார் போகணும்?"

"ஸ்டேஷனுக்கு."

ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பிழைப்பைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, ஊரைச் சுற்றி முன்வாசலில் இறக்கிவிட்டார்.

மாஸ்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. தள்ளுவண்டியோடு வந்த போர்ட்டரை நிறுத்தினார். "நான் வழி கேக்கல. நீ அறிவிப்பு ரூமுக்குப் போனா, நானும் வரேன்."

போர்ட்டர் அவர் முகத்தையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மூட்டைகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்துத் தள்ளினார்.

அறைக்குள் நுழைந்தபோது அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது. மாஸ்டர் பையிலிருந்து கண்ணாடியை நீட்ட, அவள் பறித்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இப்பவும் மூணா எட்டான்னு தெரியலையே."

அதிகாரியின் கை மைக்கை நோக்கி நீண்டது. கதவோரம் நின்ற போர்ட்டர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, சார் மூக்கு மேல பூப்போட்ட கண்ணாடி ஒண்ணு இருக்கு பாருங்க, அதைக் கழட்டி மாட்டிப் பாருங்க."